சுடுவதற்கு முன்னா, சுட்ட பிறகா? உலோகக் களிமண் நகையில் கல் பதிப்பது

நீங்கள் கேட்டது இது: வெள்ளி உலோகக் களிமண்ணில் (நுண்ணிய வெள்ளித் துகள் கலந்த, சுட்டால் வெள்ளியாகிவிடும் களிமண்) ஒரு பதக்கம் செய்தீர்கள். நடுவில் ஒரு செவ்வந்திக்கல், சுற்றிலும் நான்கு சிறிய வெள்ளை அமெரிக்கன் டைமண்ட் கற்கள். எல்லாவற்றையும் ஈரக் களிமண்ணில் அழுத்தி, காயவைத்து, சூளையில் சுட்டீர்கள். திறந்து பார்த்தால் செவ்வந்திக்கல்லின் ஊதா நிறம் போய் மங்கிய மஞ்சளாகிவிட்டது, குறுக்கே ஒரு விரிசலும் விழுந்திருக்கிறது. வெள்ளைக் கற்களில் இரண்டு உறுதியாக இருக்கின்றன, ஒன்று சாய்ந்துவிட்டது, இன்னொன்று மெருகு போடும்போது கழன்று விழுந்துவிட்டது. எங்கே தவறினேன், எந்தக் கல்லை எப்போது வைக்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

இதில் இரண்டு தனித்தனித் தவறுகள் இருக்கின்றன. செவ்வந்திக்கல் கெட்டது சூட்டினால். வெள்ளைக் கல் கழன்றது ஆழம் போதாததால். இரண்டுக்கும் ஒரே அடிப்படைதான்: களிமண்ணைத் தொடுவதற்கு முன்பே கல்லைப் பற்றி முடிவெடுத்துவிட வேண்டும். வடிவம் செய்துவிட்டு, அப்புறம் கல்லுக்கு இடம் தேடினால் இந்தப் பொருள் ஒத்துழைக்காது. ஏனென்றால் இது சுருங்கும், சுடுபடும், கல் இந்த இரண்டையும் தாங்க வேண்டும்.

முதலில் சூட்டைப் பார்ப்போம். செவ்வந்தி என்பது குவார்ட்ஸ் வகை. அதன் ஊதா நிறம் ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி செல்சியஸுக்குள் போய்விடும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறமே இல்லாமலோ ஆகலாம். அதற்கும் மேல், 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பே மாறுகிறது. அப்போது கனஅளவு சட்டென்று கூடும், ஆறும்போது அதே இடத்தில் மறுபடி குறையும். விரிசல் விழுவது இங்கேதான். குறைந்த சூட்டில் சுடக்கூடிய வெள்ளிக் களிமண்ணுக்கே 600 முதல் 650 டிகிரி வேண்டும். ஆகவே எந்தக் குவார்ட்ஸும், செவ்வந்தியோ, சிட்ரினோ, நிறமற்ற படிகமோ, சூளைக்குள் போகக் கூடாது. மெதுவாகச் சூடேற்றினால் பிழைக்குமே என்று சிலர் சொல்வார்கள். விரிசல் வேண்டுமானால் தப்பலாம், நிறம் தப்பாது.

எது தாங்கும் என்பதற்கு நான் மனதில் வைத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கல் எங்கே பிறந்தது? உருகிய நெருப்பில் பிறந்ததா, தண்ணீர் சம்பந்தப்பட்ட இடத்தில் பிறந்ததா? செயற்கைக் கெம்பும் செயற்கை நீலமும் பெரும்பாலும் ஆகஸ்ட் வெர்னூய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902இல் வெளியிட்ட முறையில் செய்யப்படுபவை. அலுமினாப் பொடியை 2,000 டிகிரிக்கு மேற்பட்ட சுடரின் ஊடாக விழவைத்து, உருகிய சொட்டுகளை அடுக்கி வளர்ப்பது அந்த முறை. செயற்கை ஸ்பினெலும் அப்படியே. அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் சொல்லும் கியூபிக் சிர்கோனியா அதைவிடக் கூடுதலான சூட்டில் உருக்கப்படுகிறது. இவற்றுக்கு 650 டிகிரியோ 800 டிகிரியோ ஒன்றுமே இல்லை. மாறாக, ஆய்வகத்தில் வளர்த்த மரகதமும் ஆய்வகக் குவார்ட்ஸும் பல சமயம் அதிக அழுத்தத்தில் உள்ள வெந்நீர்க் கரைசலில் வளர்ந்தவை. ஆகவே "லேப் கல்தான், பயமில்லை" என்று ஒருவர் சொன்னால் என்ன லேப் கல் என்று கேளுங்கள். லேப் கெம்பு போகலாம். லேப் மரகதத்தை நான் சூளையில் வைக்க மாட்டேன்.

ஓப்பலிலும் டர்க்காய்ஸிலும் நீர் கட்டமைப்பிலேயே கலந்திருக்கிறது. சூடேறினால் அது வெளியேறப் பார்க்கும், கல் வெடிக்கும் அல்லது நிறம் செத்துவிடும். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ப்பொருளும் சேர்ந்தவை, அவை கருகிப் பொடியாகும். அம்பர் மரப்பிசின், எரிந்தே போகும். மாலகைட் கறுத்துவிடும். இயற்கை மரகதத்தின் நுண்விரிசல்களில் எண்ணெயோ பிசினோ நிரப்பியிருப்பார்கள். சந்தையில் இருக்கும் மலிவான இயற்கைக் கெம்புகள் பலவற்றில் ஈயக் கண்ணாடி நிரப்பப்பட்டிருக்கும். கெம்பு தாங்கினாலும் உள்ளே உள்ள கண்ணாடி தாங்காது. வைரத்தைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். அது கரி. காற்று இருக்கும் சூளையில் 700, 800 டிகிரிக்கு மேல் போனால் அதன் மேற்பரப்பு எரிந்து பால்போல மங்கும். பின்புறம் வெள்ளிப் பூச்சு போட்ட மின்னும் கண்ணாடிக் கற்கள், மேலே வானவில் பூச்சு போட்ட கற்கள், இவையும் வேண்டாம். பூச்சு நிற்காது.

இயற்கைக் கற்களில் சில கார்னெட், சில பெரிடாட் குறைந்த சூட்டில், மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கினால் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஆனால் ஒரே பொட்டலத்தில் வாங்கிய இரண்டு கற்களில் ஒன்று தாங்கும், இன்னொன்று தாங்காது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு இருந்தால் போதும். இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜிர்கான் என்பது இயற்கைக் கல். கியூபிக் சிர்கோனியா வேறு பொருள். பெயர் ஒத்திருப்பதால் மாற்றி வாங்கிவிடுகிறார்கள். ஜிர்கானுக்குச் சூடு பட்டால் நிறம் மாறும்.

சந்தேகம் இருந்தால் கல்லை மட்டும் தனியாகச் சுட்டுப் பாருங்கள். செராமிக் இழைத் துண்டின்மேல் கல்லை வைத்து, நகையைச் சுடப்போகும் அதே சூடு, அதே நேரம். நகை இல்லாமல் கல் மட்டும் கெட்டால் இழப்பு ஒரு கல்தான். மூன்று நாள் வேலை போகாது. வெண்கலம் அல்லது செம்புக் களிமண் என்றால் இந்தச் சோதனையையும் கரிக்குள்தான் செய்ய வேண்டும். அவற்றைக் காற்றுப் படாமல், தேங்காய் ஓட்டுக் கரி நிரப்பிய எஃகுப் பாத்திரத்தில் புதைத்துச் சுடுகிறோம். காற்றில் நன்றாக இருந்த நிறமுள்ள அமெரிக்கன் டைமண்ட் கல், கரிக்குள் வேறு நிறத்தில் வெளியே வருவதுண்டு.

சரி, இப்போது கழன்று விழுந்த கல்லுக்கு வருவோம். இங்கேதான் இந்தக் களிமண்ணின் அழகு இருக்கிறது.

வழக்கமான நகை வேலையில் உலோகத்தை வளைத்துக் கல்மேல் மூடுகிறோம். களிமண்ணில் அந்த வேலையைச் சுருக்கம் செய்கிறது. களிமண் என்பது மிக நுண்ணிய வெள்ளித் துகள்களும் பிடிமானத்துக்கான கரிமப் பொருளும் தண்ணீரும் சேர்ந்தது. சுடும்போது பிடிமானப் பொருள் எரிந்துபோய், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நெருங்குகின்றன. 1990களில் ஜப்பானின் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் கொண்டுவந்த முதல் வகை ஏறத்தாழ 28 விழுக்காடு சுருங்கியது. இப்போது பரவலாகப் பயன்படும் வெள்ளி வகைகள் 8 முதல் 12 விழுக்காடு வரை சுருங்குகின்றன. வெண்கலமும் செம்பும் பொதுவாக அதைவிட அதிகம்.

பலருக்கு ஒரு சந்தேகம் வரும்: களிமண் சுருங்கினால் துளை பெரிதாகுமா, சிறிதாகுமா? சிறிதாகும். முழுப் பொருளும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் துளையும் கூடவே சிறுக்கிறது. 3 மி.மீ. துளை, 10 விழுக்காடு சுருங்கினால் 2.7 மி.மீ. ஆக வேண்டும். உள்ளே 3 மி.மீ. கல் இருக்கிறது, அது சுருங்காது. அந்த 0.3 மி.மீ. வித்தியாசம்தான் பிடி. கல்லைச் சுற்றி உலோகம் இறுகுகிறது.

ஆனால் அந்த இறுக்கம் கல்லை உள்ளே தள்ளுமா, வெளியே தள்ளுமா என்பது உயரத்தைப் பொறுத்தது. வெட்டிய கல்லின் மிக அகலமான நடுக்கோட்டை இடுப்பு என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு களிமண்ணின் மேற்பரப்புக்குக் கீழே போய்விட்டால், அதற்கு மேலேயும் கொஞ்சம் களிமண் இருக்கும். சுருங்கும்போது அது கல்லின் மேல்சரிவில் ஏறி உட்காரும், கல் பூட்டப்படும். இடுப்பு மேற்பரப்புக்குச் சமமாகவோ மேலேயோ இருந்தால், களிமண் பிடிப்பது கீழ்க்கூம்பை மட்டும். கூம்பைக் கீழிருந்து நெருக்கினால் என்ன ஆகும்? ஈர விரலில் இருந்து புளியங்கொட்டை பிதுங்குவதுபோலக் கல் மேலே எழும். உங்கள் கழன்ற கல்லுக்கு நடந்தது இதுதான். சாய்ந்த கல்லில் ஒரு பக்கம் இடுப்பு உள்ளே, மறுபக்கம் வெளியே இருந்திருக்கும்.

ஆகவே விதி எளிது: கல்லின் தட்டையான மேல்முகம் களிமண்ணின் மேற்பரப்போடு சமமாக வரும்வரை அழுத்துங்கள். அப்போது இடுப்பு தானாக உள்ளே போயிருக்கும். பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறோம், கல் புதைந்துவிடுமோ என்று. புதையாது. நான் சொல்லிக்கொடுத்தவர்களில் ஆழமாக வைத்துக் கெடுத்தவர்களை அதிகம் பார்த்ததில்லை, மேலோட்டமாக வைத்துக் கல்லை இழந்தவர்கள்தான் அதிகம்.

இதற்குக் களிமண்ணில் கனம் வேண்டும். நன்றாக வெட்டிய வட்டக் கல்லின் ஆழம் அதன் அகலத்தில் சுமார் 60 விழுக்காடு. 3 மி.மீ. கல்லுக்கு 1.8 மி.மீ., 5 மி.மீ. கல்லுக்கு 3 மி.மீ. உங்கள் தகடு 1.5 மி.மீ. கனம்தான் என்றால் 3 மி.மீ. கல்லின் கூர்முனை பின்னால் எட்டிப் பார்க்கும், அணிபவர் தோலில் குத்தும். தகடு முழுவதையும் கனமாக்கத் தேவையில்லை. கல் வரும் இடத்தில் மட்டும் ஒரு சிறு களிமண் உருண்டையைக் கூழ் (தண்ணீர் விட்டுக் குழைத்த களிமண்) தடவி ஒட்டி மேடாக்கலாம். அல்லது சிரிஞ்சில் இருந்து வரும் களிமண் இழையைக் கல்லைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று போடலாம். கல்லுக்கும் நகையின் ஓரத்துக்கும் இடையே 1.5 மி.மீ. அளவாவது விடுங்கள். மெல்லிய ஓரம் இறுக்கத்தைத் தாங்காமல் பிளக்கும்.

கல்லை வைப்பதற்கு முன் கீழே கல்லைவிடச் சிறியதாக ஒரு துளை போட்டுவிடுங்கள், தகட்டின் மறுபக்கம்வரை. இதற்கு மூன்று பயன்கள். கூம்பு உட்கார இடம் கிடைக்கிறது, களிமண் பிதுங்காது. பின்னால் இருந்து வெளிச்சம் வந்து கல் உயிரோடு தெரியும். அப்புறம், கல்லுக்கு அடியில் ஈரம் சிறைப்படாது. அந்த ஈரம் சூளையில் ஆவியானால் கல்லைத் தூக்கி எறியும்.

ஈரக் களிமண்ணில் வைப்பதென்றால், பல்குச்சி நுனியில் துளி தேன்மெழுகு வைத்துக் கல்லை எடுத்து, இடத்தில் உட்காரவைத்து, தட்டையான முனையுள்ள எதனாலாவது நேராக அழுத்துங்கள். பிறகு பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள், சாய்வு உடனே தெரியும். எனக்குப் பிடித்தது வேறு வழி: களிமண்ணை முழுக்கக் காயவைத்து, அரம் போட்டு வடிவம் திருத்திய பிறகு, கல்லின் அளவே உள்ள பர் எனும் சிறு வெட்டு முனையை விரலால் மெதுவாகச் சுழற்றிப் பள்ளம் தோண்டுவது. காய்ந்த களிமண் சாக்பீஸ்போல இருப்பதால் கையாலேயே வெட்டலாம். பள்ளம் சுத்தமாக வரும், கல் சாயாது, பிடிக்காவிட்டால் எடுத்து மறுபடி தோண்டலாம். வரிசையாகப் பல சிறு கற்கள் வைப்பவர்களுக்கு இந்த வழிதான் ஏற்றது. அவசரமே இல்லாமல் செய்யலாம் என்பதே பெரிய நிம்மதி.

பெரிய கற்களுக்குக் கணக்கு மாறுகிறது. 8 மி.மீ. கல்லை 8 மி.மீ. பள்ளத்தில் வைத்தால் 0.8 மி.மீ. இழுவை வரும். அதைத் தாங்காமல் களிமண் கல்லில் இருந்து ஓரம் நோக்கிக் கீறிக்கொள்ளும். அதனால் பெரிய கல்லுக்குப் பள்ளத்தைச் சற்றுத் தளர்வாக விடுகிறேன். 8 மி.மீ. கல்லுக்கு 8.4 மி.மீ. பள்ளம் என்றால் சுருங்கி 7.6க்கு அருகில் வர முயலும், பிடிப்பதற்கு அது போதும். 28 விழுக்காடு சுருங்கும் வகை உங்களிடம் இருந்தால் கல்லோடு சேர்த்துச் சுட அதைப் பயன்படுத்தாதீர்கள்.

சூளைக்குப் போகும் முன் ஒரு வேலை, இதைத் தவிர்க்கவே கூடாது. ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு கல்லின் முகத்தையும் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத களிமண் படலம் இருந்தாலும் சுட்டதும் அது வெள்ளிப் படலமாகிக் கல்லோடு ஒட்டிவிடும். பிறகு கல் ஏன் மங்கலாக இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்போம்.

சுட்ட பிறகு தண்ணீரில் போடாதீர்கள். கல் இல்லாத வெள்ளி உருப்படியைச் சூடாகவே தண்ணீரில் போட்டுப் பழகியவர்கள் நாம். ஒருமுறை ஐந்து கல் வைத்த மோதிரத்தைக் கைப்பழக்கத்தில் அப்படிப் போட்டுவிட்டேன். ஐந்து கற்களும் உள்ளுக்குள் வலைபோல விரிசல் விட்டுவிட்டன. 650 டிகிரியைத் தாங்கிய கல்தான், ஒரு நொடியில் 600 டிகிரி இறங்குவதைத் தாங்கவில்லை. சூளையை மூடியபடியே ஆறவிடுங்கள். கேஸ் டார்ச்சில் சுடுவதானாலும் இதே பொறுமை வேண்டும்: சுடரை வட்டமாக ஓட்டுங்கள், கல்மேல் நேராக நிறுத்தாதீர்கள், பிறகு செங்கல்மேலேயே ஆறவிடுங்கள். 5 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கு டார்ச் வேண்டாம்.

இனி, நெருப்புக்குள் போக முடியாத கற்கள். உங்கள் செவ்வந்திக்கல் இந்த வகை. இதற்கு நகையைச் சுடும்போதே வீட்டைக் கட்டிவைத்து, சுட்ட பிறகு கல்லைக் குடியேற்ற வேண்டும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, களிமண்ணிலேயே சுற்றுச்சுவர் எழுப்பி, சுட்ட பிறகு அதைக் கல்மேல் மடக்கப் பார்ப்பது. சுட்ட களிமண் வெள்ளிதான். ஆனால் துகள்கள் ஒட்டி உண்டானதால் உள்ளே நுண்துளைகள் இருக்கின்றன. உருக்கி இழுத்த கம்பியைப்போல, அடித்த தகட்டைப்போல அது வளையாது. மடக்கினால் விரிசல் விடும். ஆகவே மடங்க வேண்டிய பாகத்துக்கு, கல்லைச் சுற்றி நின்று அதன்மேல் மடங்கும் பெசல் பட்டையோ கொக்கியோ எதுவானாலும், 99.9 சுத்த வெள்ளித் தகடும் கம்பியும் பயன்படுத்துங்கள். அது மென்மையானது, அழகாக மடங்கும். 92.5 வெள்ளி வேண்டாம். அதில் உள்ள செம்பு சூளையில் கறுத்து, உலோகம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பட்டையின் இரு முனைகளையும் பற்றாசு (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) வைத்து ஒட்டாதீர்கள், சுடும்போது பற்றாசு மறுபடி உருகி வெள்ளிக்குள் பரவும். சுத்த வெள்ளி தன்னோடு தானே உருகி ஒட்டும், டார்ச் சுடரை இணைப்பில் மட்டும் காட்டினால் போதும்.

பட்டையைக் கல்லின் அளவுக்கு வளைத்து, ஈரக் களிமண்ணில் ஒரு மி.மீ. ஆழம் இறக்குங்கள். இப்போது சுருக்கம் நமக்கு எதிராக வேலை செய்யும். வெளியே உள்ள களிமண் பட்டையை நெருக்கும், வட்டம் நெளியும். இதைத் தடுக்க இரண்டு வழிகள். ஒன்று, பட்டைக்குள் உள்ள களிமண்ணில் நடுவை வெட்டி எடுத்து, கல் உட்கார ஒரு மெல்லிய திண்ணை மட்டும் விடுவது. உள்ளே குறைவாக இருந்தால் இழுவையும் குறைவு. இன்னொன்று, வார்ப்பு வேலைக்குப் பயன்படும் சூடு தாங்கும் பிளாஸ்டர் மாவைக் கல்லின் அளவுக்கே வார்த்து, அந்தக் கட்டியைப் பட்டைக்குள் வைத்துச் சுடுவது. கல்லுக்குப் பதில் கட்டி இடத்தைக் காக்கும். ஆறிய பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து எடுத்துவிடலாம். மாவு தூசியாகப் பறக்கும்போது முகக்கவசம் போடுங்கள், அதில் சிலிக்கா இருக்கிறது.

பட்டையே இல்லாமல் களிமண்ணில் வெறும் குழி மட்டும் விடுவதென்றால், சுருக்கத்தைக் கணக்கிட்டுக் குழியைப் பெரிதாக வெட்ட வேண்டும். 10 மி.மீ. கல், 10 விழுக்காடு சுருக்கம் என்றால் 10ஐ 0.9ஆல் வகுங்கள், 11.1 மி.மீ. வரும். பத்தோடு பத்து விழுக்காடு கூட்டி 11 என்று போட்டால் சற்று இறுகும். சுருக்கம் அதிகமாக ஆக இந்த இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் கூடும். 28 விழுக்காட்டில் வகுத்தால் 13.9, கூட்டினால் 12.8. கல்லே உள்ளே போகாது.

கல்லை உள்ளே வைத்துப் பார்க்கும்போது அடியில் ஒரு நூலைப் போட்டுக்கொள்ளுங்கள், சிக்கிக்கொண்டால் இழுத்து எடுக்கலாம். கீழே விட்ட துளை இங்கேயும் உதவும், பின்னாலிருந்து தள்ளலாம். பட்டையை மடக்கும்போது ஒரே பக்கமாகச் சுற்றி வராதீர்கள். கடிகார முகத்தில் 12, அப்புறம் 6, 3, 9 என்று எதிர் எதிரே அழுத்தி, பிறகு இடைவெளிகளை நிரப்புங்கள். கடைசியில் மெருகுக்கோலால் விளிம்பைத் தேய்த்தால் மூடிவிடும்.

வேலையின் வரிசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். டர்க்காய்ஸ், முத்து, ஓப்பல் போன்றவற்றுக்கு அரம், மெருகு, கந்தகக் கரைசலில் கறுப்பூட்டுவது எல்லாம் முடிந்த பிறகே கல் வர வேண்டும். இவை உறிஞ்சும் கற்கள். எஃகுக் குண்டு போட்ட உருளையில் சுழற்ற, செயற்கைக் கெம்பு, நீலம், அமெரிக்கன் டைமண்ட் மட்டும் ஏற்றவை. முத்துக்கு வேறொரு எளிய வழி: சுத்த வெள்ளிக் கம்பி இரண்டை முறுக்கி, களிமண்ணில் நட்டுச் சுட்டுவிடுங்கள். அந்த முறுக்கில், பாதித் துளையிட்ட முத்தை எப்பாக்ஸி பசையால் நிறுத்தலாம். முறுக்கின் இடுக்குகளில் பசை பிடித்துக்கொள்ளும்.

உங்கள் பதக்கத்தைத் தூக்கிப்போட வேண்டாம். உடைந்த செவ்வந்தியைப் பின்னால் இருந்து குத்தி எடுத்துவிடுங்கள். பின்துளை இல்லையென்றால் மெல்லிய முனையால் துளையிடுங்கள். அந்தக் குழியைச் சற்று அகலப்படுத்தி, சுத்த வெள்ளிப் பெசல் கிண்ணம் ஒன்றைக் களிமண் கூழால் ஒட்டுங்கள். கழன்ற வெள்ளைக் கல்லின் குழியைச் சுற்றிச் சிரிஞ்சால் இரண்டு சுற்று போட்டு, கல்லை மறுபடி வைத்து, அதன் மேல்முகம் புது விளிம்போடு சமமாகும்வரை அழுத்துங்கள். சாய்ந்த கல் ஆடவில்லை என்றால் அதைத் தொடாதீர்கள், ஓரத்தில் கொஞ்சம் கூழ் நிரப்பினால் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி 650 டிகிரியில் 30 நிமிடம், உங்கள் களிமண்ணின் உறையில் வேறு அளவு இருந்தால் அதன்படி. ஏற்கெனவே சுட்ட வெள்ளி இரண்டாம் முறை பெரிதாகச் சுருங்காது, புதிதாகப் போட்ட களிமண் மட்டும் சுருங்கும். அதனால் ஒட்டு விளிம்பில் சிறு கீறல் தெரிந்தால் கூழ் நிரப்பி இன்னொரு முறை சுடுங்கள். எல்லாம் ஆறி, மெருகு முடிந்த பிறகு புதிய செவ்வந்திக்கல்லை அந்தக் கிண்ணத்தில் வைத்து மூடுங்கள்.